துவைத்த போர்வை

அனுப்பும்போது குழந்தையின் போர்வையைத் துவைக்காதீர்கள், பழகிய வாசனை ஒன்றாவது கூடப் போகட்டும் என்று குழந்தைகள் நல அலுவலர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எத்தனையோ பிள்ளைகளைத் தற்காலிகமாக வளர்த்து அனுப்பியவளுக்கு இது தெரியாததா? ஆனாலும் துவைத்துவிட்டாள்.

இப்போது, குழந்தையை அழைத்துப் போன அதன் சித்தி, அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி வாசலில் நின்றாள்.

"அக்கா, என்னால முடியல. படுக்க வச்சாலே உங்களத் தேடி பெரியம்மா பெரியம்மான்னு ஒரே அழுகை. என்னைப் பாத்தா பேயப் பாத்த மாதிரி பாக்குறா. நீங்களே வச்சுக்குங்க."

"போர்வையத் துவைச்சுத் தொலைச்சேன். அதான்."

"ஒரு போர்வைக்கா இவ்ளோ கூத்து?"

குழந்தை இவளிடம் தாவப் பார்த்தது. இடுப்பு வலியையும் மீறி இவள் கைகள் எழுந்தன. அந்தக் கைகள்தானே துவைத்தன. மறந்துபோயா, குழந்தை இப்படித் திரும்பி வரட்டும் என்றா? அதைக் கிளறிப் பார்க்கக்கூட இவளுக்குத் தெம்பில்லை. இப்போது வாங்கிக்கொண்டால் சித்தி வீட்டுக் கதவு மறுபடி திறக்காது. இங்கேயும் இன்னும் கொஞ்ச நாள்தான் அனுமதி. அதன் பிறகு முகம் தெரியாத யார் வீடோ, விடுதியோ.

கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வா. அவ கட்டில்ல ரெண்டு பேரும் படுங்க."

"பட்டப்பகல்லயா?"

"உன் கண்ணு போற போக்கப் பாத்தா நின்னுக்கிட்டே தூங்கிடுவ போலிருக்கு."

"உங்க கண்ணு மட்டும் என்ன வாழுதாம்?"

இருவரையும் உள்ளே விட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு வந்தாள். எதிர்பார்த்தபடியே எழுந்தது அழுகை. "பெரியம்மா... பெரியம்மா..."

"பெரியம்மாவுக்கு வேலை இருக்குடி தங்கம். நான் இருக்கேன்ல" என்றது சித்தியின் குரல்.

இவள் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப் பழகிய கால்களை நிறுத்தி வைப்பது, நாளெல்லாம் குழந்தையைச் சுமப்பதைவிடக் களைப்பாக இருந்தது.

அழுகை நெடுநேரம் ஓயவில்லை. பிறகு தேம்பலானது, விக்கலானது. எல்லாவற்றுக்கும் மேலே சித்தியின் குறட்டை கிளம்பியது. பாவி, முதலில் இவள் தூங்கிவிட்டாளே என்று எட்டு வைத்தவள், கதவருகே நின்றாள்.

உள்ளே குழந்தையின் குரல், தூக்கக் கலக்கத்தில், எரிச்சலாக:

"சித்தி, தள்ளிப் படு."

குறட்டை நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை.

அவள் திரும்பி வந்து, பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.