காந்தத்தின் பக்கம் நகர்ந்த கல்

என் வாய் சும்மா இருக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று கையும் சும்மா இருக்கவில்லை. அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், பட்டை தீட்டிக்கொண்டிருந்த வைரத்துக்கு ‘இயற்கைக் கல் அல்ல’ என்று சீட்டு எழுதியவள் நான்தான்.

எங்கள் பரிசோதனை அறையில் முதல் சோதனை எளிது. தண்ணீர்க் கிண்ணத்தில் தெர்மோகோல் துண்டு, அதன் மேல் கல், பக்கத்தில் காந்தம். சுத்தமான வைரம் காந்தத்தை விட்டு லேசாக விலகும். ஆலையில் செய்த கல்லுக்குள் உலோகத் துணுக்கு மாட்டியிருந்தால் காந்தத்தை நோக்கி வரும். இந்தக் கல் வந்தது. பசி வேறு. மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமலே எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்புவதற்குள் கீழ்த்தளப் பட்டறையில் முதலாளி அத்தானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நல்ல கல்லை அமுக்கிவிட்டு ஆலைக் கல்லை வைத்துவிட்டாராம். சீட்டாட்டத்தில்கூட ஏமாற்றத் தெரியாத மனுஷன் அவர்.

அக்கா போனில் கேட்டது ஒன்றுதான். “உன் கையெழுத்துதானே?”

கல்லை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அத்தான் தன் சக்கரத்தின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“முதலாளி, பட்டை தீட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கல்லை ரெண்டா அறுத்தீங்களே, இன்னொரு பாதி எங்க?”

“என் பெட்டியில. சாவி என்கிட்டதான் இருக்கு. யாரும் தொடல.”

“அப்ப அதையும் தண்ணில விட்டுப் பாப்போம்.”

அதுவும் காந்தத்திடம் நகர்ந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரி கரும்புள்ளி; ரம்பம் அதன் நடுவில் புகுந்து போயிருக்கிறது. பூமிக்கடியில் வைரம் வளர்ந்தபோது உள்ளே சிக்கிய இரும்புக் கனிமம். இரண்டும் ஒரே இயற்கைக் கல்தான்.

“சரிம்மா, நாளைக்கு வரச் சொல்லு,” என்று முணுமுணுத்தார் முதலாளி.

“திருடன்னு எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னீங்க? இதையும் அப்படியே சொல்லுங்க.”

சொன்னார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சக்கரங்களை நிறுத்தச் சொன்னேன். பட்டறையில் இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

“தப்பு என்னோடது. நான் சரியா பாக்காம எழுதிட்டேன்.”

“கடைசி வரிசைக்குக் கேக்கல,” என்றார் அத்தான். கோபமா கிண்டலா, தெரியவில்லை.

இன்னொரு தடவை கத்தியே சொன்னேன். அத்தான் எழுந்து வந்து என் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டார்.

“இன்னும் ஒரு பட்டை பாக்கி இருக்கு,” என்றார்.