பருவும் பழியும்

ஆட்டையாம்பட்டி தறிக்காரர் செங்கோடனின் ஒரே மகன் அர்த்தநாரி. இருபது வயதில் அவன் முகமெங்கும் பரு வந்தது. முதலில் நெற்றியில் நாலைந்துதான் இருந்தன. பிறகு கன்னங்களிலும் தாடையிலும் பெரிது பெரிதாகக் கட்டிச் சீழ் கோத்து உடைந்தன. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். நெஞ்சிலும் முதுகிலும் இருந்தவற்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். முகத்தை மறைக்க வழியில்லை.

அம்மா முத்தாயம்மாள் சந்தனம் இழைத்துப் பூசினாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். யாரும் பார்க்காத நேரத்தில் அவன் நகத்தால் பிதுக்கினான். பிதுக்கிய இடமெல்லாம் சிவந்து வீங்கியது.

"சூட்டுக் கட்டிதான். தையில கல்யாணம் ஆனா எல்லாம் அடங்கிரும்" என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். ராசிபுரத்துக் கந்தம்மாளின் மகள் மயிலம்மாளை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது. மனசுக்குள் இருப்பது ஏதோ முகத்தில் வந்து நிற்பதுபோல அவர்கள் பேசினார்கள்.

புரட்டாசி பிறந்ததும் செங்கோடன் மகனை அம்மாபேட்டைக்கு ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் முகத்தைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். பையன் எங்கெங்கே போய்வருகிறான் என்று கேட்டார். ஈரோட்டுச் சந்தைக்குச் சேலை கொண்டுபோவான், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வருவான் என்றார் செங்கோடன். வைத்தியர் அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் மட்டும் பேசினார்.

ஊர் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் செங்கோடன் மனைவியிடம் சொன்னார்: "இவனுக்குத் தட்டமும் சொம்பும் தனியா வையி."

"ஏனுங்கப்பா?" என்றான் அர்த்தநாரி.

"ஈரோட்டுக்கு இனி நீ போக வேண்டாம். அங்க என்ன பண்ணீட்டு வந்தயோ, அது மூஞ்சியில தெரியுது."

பொம்பளைச் சீக்கு என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. ஈரோட்டில் ஒரு சந்தை நாள் சாயங்காலம், தெரியாமல் ஒரு சந்துக்குள் போய்விட்டான். அங்கே ஒரு வாசலில் நின்றிருந்த பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் நின்றான், பார்த்தான், பிறகு விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அதன் பிறகு பலமுறை நினைத்திருக்கிறான். நினைத்ததற்கே இப்படி வருமோ என்று அவனுக்குத் தோன்றியது. அப்பா முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லும் தைரியம் அதனால்தான் வரவில்லை.

வைத்தியர் கொடுத்தது பாதரசம் சேர்த்த உருண்டை. உப்பில்லாத சோற்றோடு அதைத் தின்றான். சில நாளிலேயே ஈறு வீங்கியது. எச்சில் நிற்காமல் வழிந்தது, வாய் நாறியது. உள்ளே இருக்கும் கெட்டது வெளியேறுகிறது என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். பரு ஒன்றுகூடக் குறையவில்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த நூல் கொட்டகையில் படுத்துக்கொண்டான். தெருப்பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டான்.

ஒருநாள் மத்தியானம் அம்மா அழும் குரல் கொட்டகை வரை கேட்டது.

"ஏனுங்க, நீங்களே போயா சொன்னீங்க? பெத்த தகப்பன் சொல்ற பேச்சுங்களா அது?"

"ஒரு புள்ளையோட வாழ்க்கை முத்தாயி. மறைச்சுக் கட்டிவைக்கச் சொல்றயா? ராசிபுரத்துல அவிய ஊட்டு முத்தத்துல நின்னு, எம்பையனுக்கு ஆகாத சீக்கு வந்திருக்குது, வேற எடம் பாருங்கன்னு சொல்றதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு."

அர்த்தநாரிக்கு அப்பாமேல் கோபம் வரவில்லை. தனக்கு இருப்பது அந்தச் சீக்குதான் என்றால் அப்பா செய்தது நியாயம். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தன்னால் அந்த மனுஷன் போய் இன்னொரு வீட்டு முற்றத்தில் தலைகுனிந்து நின்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சேலம் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சுவாமிநாதன் முன்னால் நின்றபோதும் துண்டை எடுக்கவில்லை.

"எடுப்பா. மூடியிருந்தா நான் எதைப் பார்ப்பேன்?"

எடுத்தான். டாக்டர் அவனை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார். கன்னத்தைப் பார்த்தார், மூக்கின் ஓரத்திலிருந்த கரும்புள்ளிகளைப் பார்த்தார். நெஞ்சு, முதுகு, உள்ளங்கை, வாய் எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஈறு ஏன் இப்படி இருக்கு? என்ன தின்னே?"

உருண்டையைப் பற்றிச் சொன்னான். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ எந்தப் பொண்ணுகிட்டயாவது போனியா?"

"இல்லீங்க." பிறகு, "ஒருத்தியப் பார்த்தனுங்க" என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பார்த்தா ஒன்னும் வராது. இது வெறும் பரு. உன் வயசுல தோலுக்கு அடியில எண்ணெய் அதிகமா ஊறும். ஊறுற வழி அடைச்சுக்கிட்டா கட்டும். சில பேருக்குக் கொஞ்சம், உன்னை மாதிரிச் சில பேருக்கு நிறைய."

"ஊசி போட்டாத் தீந்திருங்களா?"

"இதுக்கு ஊசி வேண்டாம். அந்த உருண்டையை இன்னிக்கே நிறுத்து. பல்லு தப்பிச்சது பெரிசு. சோப்புப் போட்டு மெதுவாக் கழுவு, தேய்க்காதே. பிதுக்கவே பிதுக்காதே, அதனாலதான் குழி விழுது. கந்தகம் கலந்த மருந்து தரேன். குலுக்கி, தினம் பூசு. சட்டுனு போகாது. ரெண்டு மூணு வருஷம் வந்து வந்து போகும், அப்புறம் அடங்கும். விழுந்த தழும்பு போகாது."

மறுபடி வரும் என்று சொல்லி மருந்து கொடுத்தவரை அவன் அதுவரை பார்த்ததில்லை. இதுவரை மருந்து சொன்னவர்கள் எல்லோரும் அடியோடு போய்விடும் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் இவர் சொன்னதுதான் அவன் மனசில் நின்றது.

"எங்கப்பா நம்ப மாட்டாருங்க" என்றான்.

டாக்டர் யோசித்தார். அந்தச் சீக்கு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்து மதராசுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். முடிவு வரும்போது அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

செங்கோடன் வர மறுத்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் சேலத்து ஜவுளிக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்றார். முத்தாயம்மாள்தான் மகனோடு போனாள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள்: "எம்பையன் மேல தப்பு ஒன்னும் இல்லீங்களே?"

"இது நோய்தான் அம்மா. தப்பு இல்லை."

வீட்டுக்கு வந்ததும் அவள் கணவனிடம் அதை அப்படியே சொன்னாள். செங்கோடன் தறியில் உட்கார்ந்திருந்தார். கால் மிதிக்கட்டையில் இருந்தது, மிதிக்கவில்லை. "நான் அவன ஒரு வார்த்த கேக்கலயே" என்றார்.

அடுத்த நாள் ராசிபுரம் போனார். போய் நின்ற அதே முற்றத்தில் மறுபடி நின்று, தான் சொன்னது பொய் என்றார். கந்தம்மாள் அவரை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்களே வந்து சீக்குன்னீங்க. இன்னிக்கு நீங்களே இல்லீங்கறீங்க. நான் எதைங்க நம்பறது? புள்ளைக்குக் கொமாரபாளையத்துல பேசி முடிச்சாச்சுங்க."

செங்கோடன் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தார். ஊருக்குள் வந்ததும் தெருவில் தறிக்கு நூலை நீட்டிப் பாவு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போய் நின்றார். "எம்பையனுக்கு வந்தது வெறும் பருதான். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லீட்டாங்க. நாந்தான் புத்தியில்லாம வேற மாதிரி சொல்லீட்டேன்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நம்பினார்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

அர்த்தநாரி கொட்டகையில் சட்டையைக் கழற்றி வைத்து, மருந்தை முதுகில் பூச முயன்றுகொண்டிருந்தான். கை எட்டவில்லை. வாசலில் நிழல் விழுந்ததும் சட்டையை இழுத்து மூடிக்கொண்டான்.

"குடு" என்றார் செங்கோடன்.

"இருக்கட்டுங்கப்பா. அம்மா வருவாங்க."

"குடு சாமி."

சீசாவை வாங்கிக் குலுக்கினார். விரலில் ஊற்றிக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தார். இத்தனை நாள் அந்த முதுகைத் தொட அவர் பயந்திருந்தார். கந்தக வாடை கொட்டகை முழுக்கப் பரவியது. ஒவ்வொரு கட்டியின்மேலும் அழுத்தாமல் பூசினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அதுவே நல்லதாக இருந்தது.

"எரியுதா?"

"இல்லீங்கப்பா."

தோள்பட்டைக்கு மேலே பூசும்போது மருந்து வழிந்து இடுப்புவரை இறங்கியது. அதைத் தன் வேட்டி முனையாலேயே துடைத்தார்.