வானத்துச் சரக்கு

ஒரகடம் கூட்ரோட்டில் காயலான் கடை வைத்திருந்த கோதண்டம், சரக்கு எடுப்பதில் ஒரே ஒரு ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தார். சர்க்கார் முத்திரை இருந்தால் தொடமாட்டார். முத்திரை இல்லாவிட்டால் எதையும் தொடுவார். டெலிபோன் கம்பி, டிரான்ஸ்பார்மர் செம்பு, தண்டவாளத்து போல்ட்டு, எது வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "போய் குளிப்பாட்டிக்கினு வாடா" என்பார். கொண்டுவந்தவன் கடைக்குப் பின்னால் போய் முத்திரையையும் நம்பரையும் அரம் போட்டுத் தேய்த்துவிட்டு வருவான். குளித்த சரக்குக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. சந்நியாசம் வாங்கிய மாதிரி.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. முதலில் சொல்கிற விலை ஒருபோதும் உண்மையான விலையாக இருக்காது. எடுத்த எடுப்பில் உண்மையைச் சொல்கிறவன் கடையை ஏறக்கட்ட வேண்டியதுதான் என்பது அவர் சித்தாந்தம். இரண்டு பழக்கமும் அவருக்கு நன்றாகவே சோறு போட்டன, 1991 ஆனி மாதம் வரைக்கும்.

அந்த மாதத்தில் ஒரு நாள் காலை, வல்லக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரியின் கண்ணெதிரே ஒரு வெள்ளைப் பெட்டி வானத்திலிருந்து வந்து வேலிக்காத்தான் புதரில் இறங்கியது. மேலே காகிதக் குடை, கிழிந்த ரப்பர். உள்ளே பேட்டரி, வயர், தகரத்தில் ஒரு சின்ன டப்பி. பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாரிக்கு எழுத்து வராது. ஆனால் சிங்கத் தலைகளை அடையாளம் கண்டுகொள்ள எழுத்து எதற்கு? இந்த முத்திரையோடு கொண்டுபோனால் கோதண்டம் எடுக்கமாட்டார். மாரி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆட்டுக்குக் குழை வெட்டுகிற கத்தியால் காகிதத்தைச் சுத்தமாகச் சுரண்டிக் காற்றில் விட்டான்.

அந்தக் காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: இது வானிலைக் கருவி, அபாயம் இல்லை, கண்டெடுத்தவர் திருப்பிக் கொடுத்தால் சன்மானம்.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரோட்டில் காக்காயைவிடக் காக்கி அதிகம். வெளியூரிலிருந்து வந்த ஒரு தனிப்படை, மூடிக் கிடந்த ரைஸ்மில்லில் முகாம் போட்டுக் கடை கடையாகப் புரட்டிக்கொண்டிருந்தது. கோதண்டத்தின் கடையில் அவர்கள் கண்ணில் பட்டது ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, நாலு வயர், அழிக்கப்பட்ட அடையாளம்.

"எவன்யா கொண்டாந்தான்?" என்றார் அதிகாரி.

கோதண்டம் மாரியின் ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், எத்தனையாவது வீடு என்பதையும் சொன்னார். அன்றைக்கு ஏனோ முதல் பேச்சே உண்மையாக வந்துவிட்டது.

ரைஸ்மில்லில் மாரியிடம் ஒரே கேள்விதான். "எங்கேர்ந்து வந்துச்சு?"

"மேலேர்ந்து சார். வானத்துலேர்ந்து வுயிந்துச்சு."

அடித்தார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடி வானத்தைக் காட்டினான். உலகத்தில் அதைவிடச் சுத்தமான உண்மை கிடையாது. அதைவிட மோசமான வாக்குமூலமும் கிடையாது.

மாரியின் மனைவி கங்கா கடை வாசலில் வந்து நின்றாள். "இன்னா மொதலாளி, நீங்க பாட்டுக்குத் தராசத் தொடச்சிகினு கீறீங்க? அவுரு மூச்சு வுட சொல்லோ விலா குத்துதாம். சோறு குடுக்கப் போனா, ஒரு வாய் முயுங்க முடியல. இன்னும் ரெண்டு வாட்டி கைய வெச்சாங்கன்னா ஆளு தாங்காது."

"நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

"குளிப்பாட்டிக்கினு வான்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினது யாரு? அத அங்க வந்து சொல்லுங்க."

கோதண்டம் எழுந்து சட்டையை மாட்டினார். அதைச் சொல்ல இல்லை. அதைச் சொல்லாமல் காரியத்தை முடிக்க வழி தேட.

ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருவில் பார்த்தா இருந்தார். மீனம்பாக்கம் வானிலை ஆபீஸில் வானத்துக்கு பலூன் விட்டுச் சம்பளம் வாங்குகிறவர் என்று ஊரே அவரைக் கேலி செய்யும். கோதண்டம் மாரி போலீஸில் மாட்டிக்கொண்டதையும் பெட்டியின் அங்க அடையாளங்களையும் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்களுதுதான் ஓய்! காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு விடறோம். போற வழியெல்லாம் சூடு, ஈரம், அழுத்தம்னு ரேடியோல சொல்லிண்டே போகும். மேகம், மழை, இடி எல்லாம் பதினாறு பதினேழு கிலோமீட்டரோட சரி. அந்த விளிம்புல மைனஸ் எண்பது டிகிரி. அதைத் தாண்டினா அடுத்த அடுக்கு. அங்க ஓசோன் வெயிலைக் குடிக்கறதால மேல போகப் போகச் சூடு ஏறும். பலூன் பெருத்துப் பெருத்து அங்கதான் வெடிக்கும்."

"இன்னாத்துக்குப் பெருக்குது?"

"அமுக்கறதுக்கு வெளியில காத்து இல்லையே. உம்ம கடையில பழைய பேப்பர் கட்டு அடுக்கறேரே, அடிக்கட்டு எப்படி நசுங்கிக் கெடக்கு? காத்தும் அப்படித்தான். முக்காவாசி கீழடுக்குலயே நசுங்கிக் கெடக்கு. நாமெல்லாம் அடிக்கட்டு."

"அந்தக் காத்துல இன்னாதான் கீது சாமி?"

"நூத்துக்கு எழுபத்தெட்டு நைட்ரஜன், இருபத்தொண்ணு ஆக்சிஜன், மீதி உதிரி."

"அப்ப மூச்சுக்கு ஆவறது அஞ்சுல ஒண்ணுதானா? நானே அவ்ளோ கலப்படம் பண்றதில்ல."

பார்த்தா சிரிக்கவில்லை. "இந்த மாசத்துல கீழ மேற்கேர்ந்து அடிக்கற காத்து, உச்சத்துல கெழக்கேர்ந்து அடிக்கும். அதான் மீனம்பாக்கத்துலேர்ந்து இங்க தள்ளிண்டு வந்திருக்கு. அது சரி, மேல லேபிள் இருக்குமே? அதைக் காட்டினாலே விட்டுடுவாளே?"

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் கோதண்டம் வெற்றிலையைத் தேடுகிற மாதிரி மடியைத் தடவினார். சுரண்டியது ஏன் என்று சொன்னால் கடையில் இருக்கிற அத்தனை சந்நியாசிகளுக்கும் பூர்வாசிரமம் வெளிவந்துவிடும்.

"சாமி, மேல மைனஸ் எண்பதுன்னீங்களே. அந்தக் குளுருல பசை உதுந்து லேபிள் பிச்சிக்கினு போயிருக்கும்ல?"

"போகாது. அதுக்குன்னே ஒட்டறது."

"நான் சொல்றேன். நீங்க 'இருக்கலாம்'னு ஒரு வார்த்த போடுங்க. ஒரு ஆளு உசுரு சாமி."

பார்த்தா பயந்த சுபாவம். ஆனாலும் மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு புதுப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

ரைஸ்மில்லில் அதிகாரி இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே பேட்டரி, அதே வயர், அதே டப்பி. புதுப் பெட்டியின் லேபிளை நிதானமாகப் படித்தார். அவர் முகம் இளகியது. உள்ளே மாரி சுவரில் சாய்ந்தபடி மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

"எல்லாம் சரி. இதுல லேபிள் எங்க?"

பார்த்தா வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் முந்திக்கொண்டார். "மேல ஏகப்பட்ட குளுருங்க. பசை உதுந்து போயிருக்கும். சாமியக் கேளுங்க."

"இருக்கலாம்," என்றார் பார்த்தா, தரையைப் பார்த்தபடி.

அதிகாரி டார்ச்சை எடுத்து, லேபிள் இருந்த இடத்தில் சாய்த்து அடித்தார். கத்திக் கீறல்கள் வரிசையாக மின்னின.

"மைனஸ் எண்பதுல கத்தி வச்சுக்கிட்டு எவன்யா உக்காந்திருக்கான்?"

அவர் பார்த்தாவிடம், "நீங்க படிச்சவர். வீட்டுக்குப் போங்க. இன்னொரு தடவை வந்தீங்கன்னா உங்க ஆபீசுக்கு எழுத வேண்டியிருக்கும்" என்றார். பார்த்தா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

அப்போதுதான் கோதண்டம் உண்மையைச் சொன்னார். குளிப்பாட்டுவதைச் சொன்னார். கம்பி, செம்பு, போல்ட்டு, யார் கொண்டுவந்தது, எங்கே உருக்கப் போனது, எல்லாவற்றையும் சொன்னார். "முத்திரை இருந்தா நான் எடுக்கமாட்டேன்னுதாங்க அவன் சுரண்டினான். வேற ஒண்ணும் இல்ல. என்னை உள்ள வெச்சுக்குங்க, அவன வுட்டுருங்க."

அதிகாரி கடைசிவரை கேட்டார். "வந்ததும் ஒரு வெல சொன்ன. இப்ப வேற வெல சொல்ற. இன்னும் கொஞ்ச நேரம் போனா வேற சொல்லுவ. எனக்குத் தெரியாதாய்யா? உள்ள இருக்கறவன் மட்டும் மொதல்லேர்ந்து ஒரே வெலையில நிக்கறான். அவன்தான் நல்லாப் பயிற்சி எடுத்தவன்."

கதவைச் சாத்தினார்கள். கோதண்டத்தை வேறு அறையில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

வானிலை ஆபீஸிலிருந்து முறைப்படி கடிதம் வந்து சேர்ந்தபோது ஆடி முடிந்துவிட்டது. மாரியை விட்டார்கள். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். கோதண்டத்தின் கடைக்குச் சீல் வைத்தாயிற்று. திருட்டுச் சாமான் வழக்கு நடந்தது. ஜாமீனில் வந்தவர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போனார்.

மாரி வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மூச்சு பாதிதான் உள்ளே போகும். மீதி தொண்டையிலேயே நின்றுவிடும். நெஞ்சுக் கூடு ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள்.

கோதண்டம் சாத்துக்குடியைக் கட்டிலடியில் வைத்தார். கங்கா அதைத் தொடவில்லை.

"கங்கா," என்றான் மாரி. "அதோ பாரு. வந்துகினு கீது."

வெள்ளையாக ஒன்று, குடை பிடித்தபடி, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பங்கொல்லையின் ஓரத்தில் விழுந்தது. ஆடுகள் ஒதுங்கின. கங்கா ஓடினாள். பின்னாலேயே கோதண்டமும் ஓடினார்.

லேபிள் அப்படியே இருந்தது.

"இன்னா எய்தியிருக்குது?" என்று கட்டிலிலிருந்து மாரி கேட்டான். அவ்வளவு சத்தம் போட்டதில் இருமல் வந்து, அது அடங்கவே நேரமாயிற்று.

கோதண்டம் படித்தார். "அபாயம் இல்லைன்னு எய்திருக்குதுடா. திருப்பிக் குடுத்தா சன்மானமாம்."

மாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை.

"அப்படியே வெச்சிக்கினு போயி குடுத்துரலாமா?" என்றார் கோதண்டம்.

கங்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "யாராச்சும் பாக்கறதுக்குள்ள தோண்டுங்க."

அவர் தோண்டினார். பெட்டியைக் குடையோடு, ரப்பரோடு, லேபிளோடு உள்ளே இறக்கி மண்ணைத் தள்ளினார். நாய் கிளறாமல் இருக்கக் கங்கா வேலிக்காத்தான் முள்ளை வெட்டி மேலே போட்டாள்.

அதே கொல்லையில், கொஞ்சம் தள்ளி, ஆவணி முடிவதற்குள் இன்னொரு குழி தோண்ட வேண்டியிருந்தது. முள்ளைப் புதிதாக வெட்டவில்லை. பழையதில் பாதியை இழுத்துப் போட்டார்கள்.