அத்தான் பெயரில் ஒரு வரவேற்பு

சின்னவளுக்கு வயசு நாற்பத்தாறு. ஆனாலும் வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி, அவள் சின்னவள்தான். ஆபீஸே அக்கா புருஷனுடையது ஆயிற்றே! கடைக்காரர்களுக்கு அட்டைப்பெட்டி செய்து விற்கிற கம்பெனி. புதிதாக ஒரு கடைக்காரர் வலைத்தளத்தில் பெயரைப் பதிந்தால், ஐந்தாவது நிமிஷம் அவருக்கு ஒரு வரவேற்பு மெயில் தானாகப் போய்விடும். எழுதுவது சின்னவள். கீழே இருப்பது அத்தானின் பெயர்.

அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. முதலாளி பெயரில் போனால்தான் மதிப்பு என்று சொன்னதே அவள்தான். வருத்தம் வந்தது மொத்த வியாபாரிகள் கூட்டத்தில். தொண்ணூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் அத்தான் மேடையேறி அந்த மெயிலை வரி விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டு, "நாலு தடவை எழுதி அடிச்சேன். அஞ்சாவது தடவைதான் எனக்கே திருப்தியாச்சு" என்றார்.

நாலு தடவை அடித்தது யார்? சின்னவள். அதைக்கூடத் திருடிவிட்டாரே மனுஷன்! மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் சின்னவளைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று விசாரித்தார்.

"நம்ம மச்சினிதான். நான் சொல்லச் சொல்ல டைப் அடிச்சுக் குடுக்கும்."

சிரித்தபடியேதான் சொன்னார். சின்னவளும் சிரித்தாள். காரில் திரும்பும்போது அக்கா கேட்டாள், "ஏண்டி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. தலவலி."

தலைவலியாவது ஒன்றாவது! எழுதியது யார் என்று அந்தத் தொண்ணூறு பேருக்கும் இந்த ஆளே தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அந்தக் காரிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். படிக்கிறவன் காறித் துப்புகிற மாதிரி ஒரு வரவேற்பு மெயில் எழுதி, அத்தான் மானத்தைக் கப்பலேற்றுவதுதான் முதல் யோசனை. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்கள் நிறுவனத்தின் பெருமைமிகு பயணத்தில்...' என்று தொடங்கினாள். இரண்டு வரி போவதற்குள் அவளுக்கே குமட்டியது. அழித்தாள். இன்னொரு தடவை முயன்றாள். ஊஹூம். கெட்ட மெயில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்போதுதான் தோன்றியது. கெட்டது எதற்கு? இதுவரை எழுதாத அளவுக்கு நல்லதாக ஒன்று எழுதினால்?

எழுதினாள்.

'வணக்கம். எங்களோடு சேர்ந்ததற்கு நன்றி. விலைப்பட்டியல் கீழே இருக்கிறது, அதை மெதுவாகப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி. கடைசியாக உங்கள் சரக்கில் எது வழியில் உடைந்தது? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். வேறு யாரும் படிக்க மாட்டார்கள், நான்தான் படிப்பேன். நாளை மதியத்துக்குள் நானே என் கையால் பதில் எழுதுவேன்.'

கீழே அத்தானின் பெயர், சிரித்த முகப் படம், கைப்பேசி எண். பதில்கள் நேராக அவருடைய மெயில் பெட்டிக்கே போகும்படி மாற்றி வைத்தாள். பிறகு அவர் அறைக்குப் போனாள்.

"அத்தான், புது மெயில் அனுப்பியிருக்கேன். ஒரு தடவ படிச்சுடுங்க."

"படிச்சாச்சும்மா."

"முழுசாவா?"

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? போடு போடு."

படிக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் என்றைக்குப் படித்தார்?

முதல் நாள் முப்பத்தொரு பதில். உடைந்ததைச் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? பீங்கான் கோப்பை செய்கிற அம்மா மூன்று பக்கத்துக்கு அழுதிருந்தார். கண்ணாடி விளக்கு விற்கிறவர் ஒன்பது படம் அனுப்பியிருந்தார். முட்டைக்காரர் ஒருவர் மெயிலோடு நிற்கவில்லை, போனே போட்டுவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் இருநூறைத் தாண்டியது. அத்தான் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு சின்னவளின் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, இதுக்கெல்லாம் நீயே பதில் போட்டுடேன்."

"நானா? நீங்க சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறவதானே அத்தான் நான்? சொல்லுங்க, அடிக்கிறேன்."

விரலை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். "கோப்பை உடஞ்சது... வருத்தம்" என்றார். அவள் அதை அப்படியே அடித்தாள். "அப்புறம் அத்தான்?" அவர் விருட்டென்று அறைக்குள் போய்விட்டார்.

அன்று முதல் அவரே பதில் போட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்: 'தகவல் கிடைத்தது. குறித்துக்கொண்டோம்.' முட்டைக்காரர் சும்மா விடுவாரா? பெட்டியைப் பார்த்துப் போகிற சாக்கில் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"ஐயா, மொத மெயில எழுதுனது யாரு?" என்றார் உட்காராமலே.

"நான்தான்."

"அப்ப ரெண்டாவத எழுதுனது?"

"அதுவும் நான்தான்."

"சும்மா இருங்கய்யா! மொத மெயில்ல மனுசன் பேசுறான். ரெண்டாவதுல ரப்பர் ஸ்டாம்பு பேசுது. ஒரு மெயில்லயே என்கிட்ட பொய் சொன்னவரு பெட்டில மட்டும் என்ன யோக்கியமா இருப்பீங்க?"

பீங்கான் அம்மா பெயரை நீக்கச் சொல்லிவிட்டார். பின்னாலேயே இன்னும் பதினேழு பேர் நீக்கச் சொன்னார்கள். சாயங்காலம் அக்கா போனில் வந்தாள்.

"போதும்டி. மனுசன் சாப்பிடவே மாட்டேங்கறார்."

"கூட்டம் முடிஞ்சு நான் சாப்பிடலையே, கேட்டியாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் சின்னவளே தொடர்ந்தாள். "எழுதுனது யாருன்னு அவரே எழுதட்டும். நான் ஒரு எழுத்தும் தொட மாட்டேன். அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் அத்தான் அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். முக்கால் மணி நேரம் போயிற்று. சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நிமிஷத்தையும் ரசித்தாள். கடைசியில் திரையில் இவ்வளவுதான் இருந்தது:

'எங்கள் வரவேற்பு மெயில் நான் எழுதினது இல்லை. என் மச்சினி எழுதினது. நான் எழுதினதாக எல்லாரிடமும் சொன்னது பொய். இனிமே அவங்களே பதில் போடுவாங்க.'

"கொஞ்சம் திருத்திக் குடேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

"இதுல திருத்த ஒண்ணுமே இல்ல அத்தான். நீங்க எழுதுனதுலயே இதுதான் நல்ல மெயில்."

மவுஸை அவள் வாங்கிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலுக்கு ஒரு டிக். பிறகு அதற்குக் கீழே இன்னொரு டிக்.

"அது... அது மொத்த வியாபாரிங்க லிஸ்டாச்சே! கடைக்காரங்களுக்கு மட்டும் போனா போதாதா?"

"கடைக்காரங்க கை தட்டலையே அத்தான்."

"நாளைக்கு எப்படிம்மா நான் அவங்க முன்னாடி போய் நிப்பேன்?"

"நான் அன்னிக்கு நின்ன மாதிரிதான். சிரிச்சுக்கிட்டு."

பட்டனை அழுத்தினாள். போய்விட்டது என்று திரை சொன்னதும், பீங்கான் அம்மாவின் மூன்று பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். மதியத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.