பிரசன்னா சேச்சியின் வாய்ச்சொல்

சேனப்பாறை சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர் பிரசன்னா "ஆஃப்" என்று சொன்னால்தான் அந்த மலைச்சரிவில் எந்த லைன்மேனும் கரண்டு போஸ்டில் கால் வைப்பான். எஞ்சினியர் சொன்னாலும் வைக்க மாட்டான், எஞ்சினியரைப் பெற்ற அப்பன் வந்து சொன்னாலும் வைக்க மாட்டான். உயிர் விஷயம் ஆயிற்றே. லைனில் வேலை செய்ய அனுமதி, அதாவது லைன் கிளியர், கேட்டுப் போன் வந்ததும் அவள் பிரேக்கரை விழவைத்துக் கரண்டை நிறுத்துவாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே யார்டுக்குப் போய், லைனைத் துண்டிக்கும் சுவிட்சின் மூன்று பிளேடுகளும் விலகி நிற்கின்றனவா என்று அண்ணாந்து தன் கண்ணால் பார்ப்பாள். பேனலில் பச்சை விளக்கு எரிகிறது என்பதெல்லாம் அவளுக்குப் போதாது. விளக்கு பொய் சொல்லும், கண் சொல்லாது என்பாள். திரும்பி வந்து, பூவத்தோடு ஊருக்குக் கரண்டு போகும் லைன் என்றால், "பூவத்தோடு ஃபீடர் ஆஃப் பண்ணியாச்சு, பிளேடு மூணும் விலகியிருக்கு, பிரசன்னா பேசறேன்" என்று போனில் சொல்வாள். மறுமுனை அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வேலை தொடங்கும்.

காகிதப்படி கிளியர் வாங்குபவன் தங்கச்சன். நிரந்தர ஊழியன், ஐம்பது தாண்டியவன், முழங்கால் தேய்ந்துபோனவன். மேலே ஏறுவது சிஜோ. சிஜோ கான்ட்ராக்ட் ஆள், அவன் பெயரில் கிளியர் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதி கிடக்கட்டும் என்று பிரசன்னா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். "மேல யாரு?" என்று கேட்பாள். "சிஜோ" என்பான் தங்கச்சன். "அவன்கிட்ட போனைக் குடு" என்பாள். அவனும் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, "ஏறட்டா சேச்சி?" என்பான். "ஏறு மோனே" என்பாள். வருஷக்கணக்காக இதுதான் நடப்பு. அவன் முகத்தை அவள் பார்த்த நாட்கள் குறைவு, குரல் கேட்காத நாள் இல்லை.

கோவிட்டின் இரண்டாம் அலையில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. கரண்டுக்கு ஏது விடுமுறை? மழைக்கு முன்னால் லைனில் உரசும் கிளைகளை வெட்டியாக வேண்டும். தொற்றுக்காரர்களின் வீட்டில் ஃபியூஸ் போனாலும் போய்த்தான் ஆக வேண்டும். இந்த நேரத்தில் செக்‌ஷன் ஆபீஸின் வாட்ஸப் குரூப்பில் ஒரு மகானுபாவன் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். தடுப்பூசி போட்டால் கைப்பிடி தளர்ந்துவிடுமாம், போஸ்ட் ஏறுகிறவன் ஜாக்கிரதை என்று. அதோடு தீர்ந்தது. வயதுக்கணக்கில் எப்போதோ போட்டிருக்க வேண்டிய தங்கச்சன்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

உதவி எஞ்சினியர் அனூப் ஒருநாள் சப்ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். முப்பது வயதுப் பையன், நல்லவன், இரண்டு மாஸ்க் போட்டிருந்தான்.

"சேச்சி, ஒரு உபகாரம் பண்ணணும். குரூப்புல நான் எழுதறதை எவனும் படிக்கறதில்ல."

"ஒரு நாளைக்குப் பத்து மெசேஜ் போடறீங்க சார். நடுவுல ரோசாப்பூ, குட் மார்னிங். எதைன்னு படிப்பான் அவன்?"

"அதான் உங்ககிட்ட வந்தேன். நம்ம லைன் ஆளுங்களுக்கு முன்னுரிமையில ஊசி போட உத்தரவு வந்தாச்சு. வயசு வரம்பு கிடையாது. புதன்கிழமை தாலுக்கு ஆஸ்பத்திரி. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க கிளியர் குடுக்கற மாதிரி ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

பிரசன்னாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. குளிராமல் இருக்குமா? அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவள், எட்டுக்குப் பத்து அறையில் பேனலைப் பார்த்தே காலம் கழித்தவள். அன்று மத்தியானம் கஞ்சியும் பயறும் ஆறட்டும் என்று வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

தங்கச்சன்தான் முதலில். "கைப்பிடி போயிடுமாமே சேச்சி. அப்பறம் போஸ்ட்ல நீங்களா ஏறுவீங்க?"

"நீ எப்படா கடைசியா ஏறின? கள்ளுக்கடை மூடி இத்தனை நாளாச்சு, அதுல நடுங்காத கை ஊசியில நடுங்கப்போகுதா? தோள் ஒருநாள் வலிக்கும், ஜுரம் வரலாம். மறுநாள் யாரையும் ஏத்தக் கூடாதுன்னு சார்கிட்ட சொல்லி வாங்கிட்டேன். புதன்கிழமை, தாலுக்கு ஆஸ்பத்திரி, ஆதாரும் ஆபீஸ் கார்டும். திருப்பிச் சொல்லு."

அவன் முனகிக்கொண்டே திருப்பிச் சொன்னான். மற்றவர்களும் சொன்னார்கள். கடைசியாகத்தான் சிஜோவைக் கூப்பிட்டாள்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குமா சேச்சி? கான்ட்ராக்ட்காரனுக்குமா?" என்றான்.

"போஸ்ட்ல ஏறுறவன் நீ. உனக்கு இல்லாம வேற யாருக்கு?"

"இல்ல, ஜின்சிக்கு ஏழு மாசம். வயித்துல பிள்ளை இருந்தா ஊசி கிடையாதுங்கறாங்க. அப்ப நானாவது போட்டுக்கணும்ல? வேலை முடிஞ்சு போனா வெளியறையிலதான் படுக்கறேன். அவ ஜன்னல் வழியாத்தான் சோறு நீட்டறா. ஜெயில்ல மனு போட்டுப் பாக்கற மாதிரி இருக்கு சேச்சி."

"போட்டுக்கோ மோனே. திருப்பிச் சொல்லு."

"புதன்கிழமை, தாலுக்கு ஆஸ்பத்திரி, எனக்கும் உண்டு, பிரசன்னா சேச்சி சொன்னது." அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "அப்ப போகட்டா சேச்சி?"

"போ மோனே."

ஒரு ஃபீடரை ஆஃப் பண்ணினோம் என்று சொல்வதற்கு முன்னால் மழையானாலும் யார்டுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிற மனுஷி, இந்த ஒரு விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அனூபிடமும் யார் யாருக்கு என்று கேட்கவில்லை. ஏறுகிறவனுக்கு உண்டு என்பதைப் போய்ப் பார்க்க வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைதான் விழும், இங்கே விழுந்தது வேறு ஆள்.

புதன்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் சிஜோ போன் பண்ணினான்.

"சேச்சி, க்யூவுல முன்னாடி வந்துட்டேன். ஆபீஸ் கார்டு கேக்கறாங்க. என்கிட்ட கான்ட்ராக்டர் நம்பர்தானே இருக்கு."

"நர்ஸ்கிட்ட குடு."

நர்ஸின் குரல் களைத்திருந்தது. "நிரந்தர ஊழியர்களுக்குத்தான் எங்களுக்கு உத்தரவு சேச்சி. இவர் பேரு வரல. எனக்குப் போடணும்னுதான் இருக்கு, கம்ப்யூட்டர் எடுக்காது. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

பிரசன்னா அனூபைப் பிடித்தாள். "சார், சிஜோவுக்கு இல்லைங்கறாங்க."

"கான்ட்ராக்ட் ஆளுங்க இதுல வரல சேச்சி. அவங்களுக்குத் தனியா எழுதணும்."

"ஏறுறது அவன் சார்."

"எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க அவனையும் கூப்பிட்டுச் சொல்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. திட்ட வாயெடுத்தவள் போனை வைத்தாள். அவன் சொன்னதில் பிழை எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. சிஜோவிடம் "எனக்கும் உண்டு" என்று சொல்லவைத்தது அவள்.

சாயங்காலம் சிஜோவே கூப்பிட்டான். கோபம் இல்லை அவனுக்கு, அதுதான் அவளை அதிகம் வதைத்தது. "விடுங்க சேச்சி. என்ன ஒண்ணு, மச்சினன் கோட்டயத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில எனக்கு ஸ்லாட் எடுத்து வச்சிருந்தான், இதே புதன்கிழமைக்கு. நீங்க சொன்னதும் எதுக்கு அவ்ளோ தூரம்னு கேன்சல் பண்ணிட்டேன். இப்ப தேடறேன், புக்கிங் திறந்த நிமிஷத்துலயே தீர்ந்துபோகுது. நமக்கும் உத்தரவு வரும்ல சேச்சி?"

"வரும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் பார்க்காமல் சொல்லியாயிற்று.

அதற்குப் பிறகு பிரசன்னா அடித்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அனூபைக் கடிதம் எழுதவைத்தாள், யூனியன்காரர்களைக் காய்ச்சி எடுத்தாள். டிவிஷன் ஆபீஸுக்குப் போன் பண்ணிப் பண்ணி, அவள் எண்ணைப் பார்த்தாலே எடுக்க மாட்டார்கள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் அவள் கணவன், "நீ என்ன அவனைப் பெத்தவளா?" என்று கேட்டான். "பெத்திருந்தா இவ்வளவு பயம் இருக்காது" என்றாள். தங்கச்சனும் மற்றவர்களும் ஊசி போட்டுத் தோளைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள். யாருக்கும் கைப்பிடி போகவில்லை. செக்‌ஷனில் ஊசி போடாதவன் ஒருவன்தான், போஸ்டில் ஏறுகிறவன்.

நடுவில் ஒரு சூறைக்காற்று வந்தது. தொற்றுக்காரர்களைப் படுக்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் லைனில் பலாமரம் விழுந்தது. உள்ளே ஆக்ஸிஜன் மெஷின் ஓடவேண்டும். தங்கச்சன் கிளியர் கேட்டான்.

"மேல யாரு?"

"வேற யாரு, சிஜோதான்."

கொடுக்காமல் என்ன செய்வாள்? உள்ளே மூச்சுக்குத் தவிக்கிற சனம் கிடக்கிறது. யார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சிஜோ, வேலையை முடிச்சிட்டு உடனே கிளம்பு. உள்ள போகாதே. மாஸ்க்கை இறக்காதே" என்றாள்.

"சரி சேச்சி. ஏறட்டா?"

"ஏறு."

லைன் சரியானது. உள்ளே மீட்டர் பெட்டி புகைகிறது என்று யாரோ ஓடிவந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் போகாமல் வருகிற பிள்ளையா அவன்? போனான். பெட்டியைச் சரிபண்ண அரைமணி நேரம் ஆனது.

உத்தரவு ஒருவழியாக வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு என்று அனூப் போனில் சொன்னபோது பிரசன்னா, "நல்லது சார்" என்று மட்டும் சொன்னாள். யாரையும் கூப்பிடவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் ஊரடங்குப் போலீஸிடம் கார்டைக் காட்டி, ஆட்டோ பிடித்துத் தாலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே நர்ஸ் இருந்தாள். "சிஜோன்னு ஒரு பையன் வருவான். கம்ப்யூட்டர் அவனை எடுக்குமா? எனக்கு முன்னால பாத்துச் சொல்லுங்க" என்றாள். நர்ஸ் தட்டிப் பார்த்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள். சிஜோவின் பெயர் இருந்தது. பிரசன்னா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டுமுறை படித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே போன் போட்டாள்.

"சிஜோ, உனக்கு உண்டு. நான் கண்ணால பாத்துட்டேன். நாளைக்கே வா."

"நேத்து பாசிட்டிவ் சேச்சி" என்றான். இருமல் வந்தது. "இனி மூணு மாசத்துக்குப் போட மாட்டாங்களாம். ஜின்சிக்கும் ஜுரம்."

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஜின்சியை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை, பெண் பிள்ளை. அடக்கத்துக்கு யாரும் போகக் கூடாது என்பது அப்போதைய விதி. பிரசன்னா போன் செய்தாள், சிஜோ எடுத்தான். அழக் கூடாது என்று நினைத்திருந்தவள் அழுதுவிட்டாள். "என்னாலதான் மோனே. நான் பாக்காம சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் ஆறுதலாகவும் ஒன்றும் சொல்லவில்லை, வைது தீர்க்கவும் இல்லை. "நான் திருப்பிச் சொன்னேன்ல சேச்சி" என்றான். "எனக்கும் உண்டுன்னு திருப்பிச் சொன்னேன்." பிறகு வைத்துவிட்டான்.

மழை தொடங்கிப் பல நாட்கள் கழித்து ஒரு காலையில் தங்கச்சன் கிளியர் கேட்டான். பூவத்தோடு ஃபீடர், தேக்கு சாய்ந்திருக்கிறது. பிரசன்னா பிரேக்கரை விழவைத்தாள், குடையோடு யார்டுக்குப் போனாள், பார்த்தாள், வந்து சொன்னாள். தங்கச்சன் திருப்பிச் சொன்னான்.

"மேல யாரு?"

"சிஜோ. இன்னைக்குத்தான் வந்தான்."

"அவன்கிட்ட குடு."

மழைச் சத்தம் கேட்டது. பிறகு அவன் மூச்சு கேட்டது, இன்னும் சரியாகாத மூச்சு.

"பூவத்தோடு ஃபீடர் ஆஃப் பண்ணியாச்சு, பிளேடு மூணும் விலகியிருக்கு, பிரசன்னா பேசறேன்" என்றாள்.

அவன் திருப்பிச் சொல்லவில்லை. "நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றான்.

இத்தனை வருஷ வேலையில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பார்த்துவிட்டுத்தான் வந்தாள், குடையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் "இரு, போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுக் குடையை எடுக்காமல் மழையில் இறங்கினாள். முகத்தில் மழை அறைய அண்ணாந்து மூன்று பிளேடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்பி வந்து ஈரக் கையால் ரிசீவரை எடுத்தாள்.

"பாத்தேன். மூணும் விலகியிருக்கு."

"ம்" என்றான் சிஜோ. "ஏறட்டா சேச்சி?" என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் போனைத் தங்கச்சனிடம் கொடுத்துவிட்டான்.

"லைன் ஆஃபா இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கான் சேச்சி" என்றான் தங்கச்சன், குரலைத் தாழ்த்தி. "பாத்துட்டுத்தான் ஏறுவானாம்."

"பாக்கட்டும்" என்றாள் பிரசன்னா. "நல்லா பாத்துட்டே ஏறட்டும்."