சஹனின் மூன்றாவது பக்கம்

அலீம் தோட்டாக் கூட்டுக்குள் விட்ட ஆணியின் தலையில் சுத்தியால் மெல்லத் தட்டினான். கண்ணெதிரே ஒரு வெள்ளை வெளிச்சம், பிறகுதான் சத்தம். பித்தளைக் கூடு மேசையிலிருந்து எகிறி, சுவரில் மோதி, அரிசி மூட்டைகளுக்கு இடையே எங்கோ விழுந்தது. அலீம் கத்தவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கரிபிடித்திருந்தன. கரியைப் பிளந்துகொண்டு ரத்தம் மெதுவாக வந்தது.

அவன் அக்காள் ரபியா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஓடிவந்தாள். புருஷன் சாகுல் ஹமீதையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்த அறையில் இது முதல் காயம் அல்ல. தோட்டாவின் வாயை மடிக்கும் கருவியில் ஹமீதின் நகம் நசுங்கிக் கறுத்திருக்கிறது. ஒருமுறை வெடிமருந்துத் தூள் பற்றி அலீமின் ஒரு பக்கப் புருவம் முழுதாகப் போய்விட்டது. அப்போதெல்லாம் ரபியா மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, "எந்த ராஜாவோட சண்டைக்குப் போறீங்க ரெண்டு பேரும்?" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். இன்று அவள் அதைக் கேட்கவில்லை.

"எப்படி ஆச்சு?"

"அவன்தான் அவசரப்பட்டான்" என்றார் ஹமீது.

அலீம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். பிறகு அக்காளிடம் கையை நீட்டினான்.

சிராங்கூன் சாலையில் அரிசி வியாபாரம் செய்யும் ஒரு மனிதர் தோட்டாவைத் தன் கையால் அடைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. சீமையிலிருந்து வரும் தோட்டாவுக்கு வேகம் அதிகம். பச்சைப்புறா மரத்திலிருந்து விழும்போதே செத்துவிடும். குண்டுபட்டுச் செத்தது ஹலால் ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தாக வேண்டும். எனவே ஹமீது மருந்தைக் குறைத்து அடைத்துப் பார்த்தார். சில தோட்டாக்கள் புகைந்ததோடு சரி. சில, பறவையின் சிறகை மட்டும் தொட்டு அதைத் தரைக்குக் கொண்டுவந்தன. அவர் சுடுவார், அலீம் கத்தியோடு சேற்றில் ஓடுவான். கொல்லாமல் வீழ்த்தும் அளவு எது என்று இரண்டு வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலங்களில் அந்த மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கூடுகளைத் துடைத்து, தக்கை வைத்து, ஈய ரவை நிரப்புவார்கள். ஹமீதுக்கு அந்த மௌனம் பிடிக்கும். வேறு யாரோடும் அப்படி அவரால் உட்கார முடிந்ததில்லை.

வரும் பிறையில் அலீமுக்கு நிக்காஹ். பெண் ஜரீனா, தோல் கிடங்கு வைத்திருக்கும் அப்துல் கஃபாரின் மகள். சம்பந்தம் பேசிய அன்றே கஃபார், "மாப்புள்ள, துப்பாக்கியத் தொடுறதில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு" என்று கேட்டார். அலீம் சொன்னான். அதன்பின் அவன் மேசைப் பக்கம் வரத் தயங்கியபோது ஹமீதுதான் கூப்பிட்டார். "தோட்டா துப்பாக்கியா? கத்தி துப்பாக்கியா? நீ எதத் தொட்ட? உக்காருடா."

அன்றும் அப்படித்தான். அந்தக் கூடு ஏற்கெனவே ஒருமுறை வெடிக்காமல் போனது. ரவையையும் மருந்தையும் கொட்டியாயிற்று. அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் அப்படியே இருந்தது. "கிணத்துல போட்டுருவோம் மச்சான்" என்றான் அலீம். "நல்ல பித்தளைடா. தட்டி எடு" என்றார் ஹமீது.

அந்த வாரம் முழுக்க அலீம் இடது கையால் அரிசி அளந்து போட்டான். கேட்டவர்களிடம் வண்டிச் சக்கரத்தில் நசுங்கியது என்றான். நிக்காஹ் சபையில் பெண்ணின் தகப்பன் கையை மாப்பிள்ளை வலது கையால் பிடித்துத்தான் கபூல் என்று சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குள் ஆறிவிடும் என்று ரபியா நம்பினாள். ஹமீது மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தால், அலீம் எழுந்து மூட்டை அடுக்கப் போவான். பழைய மௌனம்போலவே வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே அது வேறு பொருளாக மாறியிருந்தது. இரவில் ரபியா பக்கத்தில் தூங்கும்போது, 'அவசரப்பட்டான்' என்ற அந்த ஒரு சொல் ஹமீதின் வாயிலேயே கிடந்தது. அதை ஏன் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ரபியாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். அவ்வளவுதான். அவ்வளவு சின்னது என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலை துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆற்றோரச் சதுப்புக்குத் தனியாகப் போனார். புறாக்கள் விழுந்தன. ஓடுவதற்கு ஆள் இல்லை. அவர் கனத்த உடம்போடு சேற்றில் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலானவை கண்மூடிவிட்டன. கத்தியை எடுத்தவர், அதைத் திரும்ப உறையில் போட்டு, அவற்றை உடும்புகளுக்கு விட்டுவிட்டு நடந்தார். உயிரோடு கிடைத்த இரண்டைக் கொண்டுவந்து ரபியாவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சற்று நேரத்தில் வாசலில் கஃபாரின் குரல் கேட்டது.

"சலாம் அலைக்கும். என்ன ஹமீது, மாப்புள்ள பள்ளிவாசல்ல கையக் குடுக்காம பாஞ்சு போறாரு? மாமனாருக்கு இப்பவே பயமா?"

அலீம் சால்வைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "வேல இருந்துச்சு மாமா."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன வேல? கட பூட்டியிருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தானே வர்றேன்." கஃபார் சிரித்தார். கண்கள் மட்டும் சால்வையிலேயே இருந்தன.

சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை உட்கார வைக்காமல் அனுப்ப முடியாது. ரபியா நெய்ச்சோற்றைப் பெரிய சஹன் தட்டில் குவித்து, நடுவில் புறாக்கறி ஆணக் குழம்பை ஊற்றி, திரைக்கு வெளியே தள்ளினாள். பாய் விரித்தாயிற்று. மூன்று ஆண்களுக்கு ஒரே சஹன். ஆளுக்கு ஒரு பக்கம். ஹமீது கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற, கஃபார் கை கழுவினார். பிறகு கெண்டி அலீமிடம் வந்தது.

"நான் நோன்பு" என்றான் அலீம்.

கஃபார் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நேத்தும் பிடிச்சியா?"

"இல்ல மாமா."

"வெள்ளிக்கிழம மட்டும் தனியா யாரு நோன்பு பிடிப்பா? எந்த ஓதுன பிள்ள இதச் செய்யும்?"

அலீம் குனிந்துகொண்டான். திரை லேசாக அசைந்தது. அதன் பின்னால் ரபியா மூச்சுவிடுவதுகூட ஹமீதுக்குக் கேட்டது. பொய்க்கு மேல் இன்னொரு பொய் சொல்ல அலீமுக்குத் தெரியவில்லை, சொல்லவும் மாட்டான். கேட்டால் தன்மேலேயே போட்டுக்கொள்வான். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவன், அவசரக்காரன் என்று இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். அலீம் மீண்டும் மூட்டை அடுக்கப் போவான்.

ஹமீது சோற்றைப் பிசைந்தார். இறைச்சியை எலும்பிலிருந்து எடுத்து அதில் வைத்து உருட்டினார். உருண்டையைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் சஹனைத் தாண்டி அலீமின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவன் கையால இப்ப சாப்பிட முடியாது. தோட்டாக் கேப்பு வெடிச்சிருச்சு" என்றார், கஃபாரைப் பார்க்காமல். "கிணத்துல போட்டுருவோம்னுதான் சொன்னான். நான்தான் தட்டச் சொன்னேன். துப்பாக்கிய அவன் தொடல. அதுலயும் தப்பு என்னோடதுதான், வான்னு கூப்பிட்டவன் நான்." பிறகு குரலைச் சற்று உயர்த்தி, திரையின் பக்கமாக, "அவன் அவசரப்படல, ரபியா" என்றார்.



"கையக் காட்டு" என்றார் கஃபார்.

அலீம் சால்வையை விலக்கினான். மஞ்சள் ஏறிய துணி. நகம் போன விரல்நுனி. கஃபார் நிறைய நேரம் பார்த்தார். ஆட்டுத் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொல்பவர். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஹமீதின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. கை வலித்தது. விரல்களிலிருந்து ஒரு பருக்கை உதிர்ந்து பாயில் விழுந்தது.

அலீம் வாயைத் திறந்தான்.

கஃபாரும் குனிந்து ஒரு கவளம் எடுத்தார். மெல்லத் தொடங்கியவர் நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மிளகைவிடச் சின்ன ஈய ரவை. அதைப் பாயின் ஓரத்தில் வைத்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த இறைச்சியை விரல்களால் நார் நாராகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் அழுத்தித் தடவிப் பார்த்தார். ஈயம் இல்லை என்று நிச்சயமானதை மட்டும், நிமிர்ந்து பாராமல், ஒவ்வொரு துண்டாகச் சஹனின் மூன்றாவது பக்கத்துக்கு நகர்த்தத் தொடங்கினார்.