முனீஸ்வரன் மரத்துல கட்டின சிவப்பு இழை

"மனசார வேண்டிக்கோ காசியம்மா, எல்லாம் நடக்கும்"னு யாராச்சும் சொன்னா எனக்கு இன்னிக்கும் பத்திகினு வரும். வேண்டாம இருந்திருந்தா எம்பொண்ணு இந்நேரம் எங்கியோ போயிருப்பா. வேண்டித்தான் கெடுத்தேன்.

எம்பொண்ணு குணசுந்தரி ஓடுவா. ஆரணில தறி இருக்கிற வூட்டுப் பொண்ணுங்க தறிக்கு நூல் தார் சுத்தும், சோறாக்கும், கோயிலுக்குப் போகும். இவளும் இதெல்லாம் செய்வா. செஞ்சிட்டு ஓடுவா. விடியறதுக்குள்ள எழுந்து ஏரிக்கரையில ரெண்டு சுத்து ஓடிட்டு வந்துதான் பல்லு விளக்குவா. எங்க வூட்டுக்காரரு திருமலை, "இன்னாத்துக்கு ஓடறா, யாரு தொரத்துறாங்க இவள"ன்னு கேப்பாரு. கேட்டுட்டு அவரே களம்பூர் போனப்ப கேன்வாஸ் ஷூ வாங்கியாந்து, தறிக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போனாரு. அது கால் அளவுக்கு ஒரு நம்பர் பெருசு. பஞ்சு வச்சிப் போட்டுக்குவா.

எண்பத்து மூணாம் வருஷம் தை மாசம் ஸ்கூலு பி.டி. வாத்தியார் தசரதன் சார் வூட்டுக்கே வந்தாரு. மெட்ராஸ்ல கவர்மெண்டு விளையாட்டு ஆஸ்டல்ல எங்க ஜில்லாவுக்கு ஒரே ஒரு எடம் குடுத்திருக்காங்க. மலை ஓட்டத்துல முதல்ல வர்ற பொண்ணுக்குத்தான். சோறு, துணி, காலேஜ் படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க, படிச்சி முடிச்சா போலீஸ்லயோ ரயில்வேலயோ எடுத்துக்குவாங்கன்னாரு. பதினேழு வயசு தாண்டக் கூடாது. குணாவுக்குப் பங்குனியில பதினேழு முடியுது. "இந்த ஒரு தபாதாம்மா. இத வுட்டா அடுத்தது கிடையாது"ன்னு சொல்லிட்டு காப்பி கூட குடிக்காம போயிட்டாரு.

ஓட்டம் வச்சது ஊருக்கு மேற்கால இருக்கிற கரட்டு மலையில. நாங்க கரடுன்னு சொல்லுவோம். பாரஸ்ட்காரங்க வேலி போட்டு, செடி நட்டு, கல்லு ஒதுக்கி நடபாதை வுட்டு, பூங்கான்னு போர்டு வச்சாங்க. ஞாயித்துக்கிழமையானா ஊரே அங்கதான், ஆனா கீழேயே உக்காந்துட்டு வந்துடுவோம். கீழ கேட்டுல கெளம்பி, ஏறி, உச்சியில இருக்கிற சுனையச் சுத்திகினு, அந்தப் பக்கமா எறங்கி மறுபடி கேட்டுக்கு வரணும். நாலு மைலு இருக்கும்.

அந்த மலையில பாரஸ்ட்காரங்க போட்ட பாதையவிட ஆடு போட்ட பாதை ஜாஸ்தி. போன வருஷம் பையனுங்க ஓட்டத்துக்கு சுண்ணாம்புப் பொடி தூவி வழி காட்டினாங்களாம். ஆடுங்க மிதிச்சிக் கலைச்சிடுச்சிங்க, பாதிப் பேரு எங்கியோ போய் எறங்கினானுங்க. அதனால சார் எங்கிட்ட, "காசியம்மா, கழிவுப் பட்டு சிவப்பா இருந்தா குடுங்க. செடியில கட்டினா வெயில்ல மின்னும், தூரத்துலயே தெரியும்"னாரு. ஒரு மூட்டை குடுத்தேன். இழை கட்டின எடம்தான் வழி, எந்தப் பக்கம்னு பொண்ணுங்களுக்கு முன்னாடியே காட்டக் கூடாதுன்னு கண்டிசன். எம்பொண்ணுகிட்டயே சார் சொல்லல. அவரு நேர்மையான மனுசன், அத வச்சி அவரத் திட்ட முடியாது.

சனிக்கிழமை காலையில ஓட்டம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் மலைக்குப் போனேன். பாதி மலையில முனீஸ்வரன் இருக்காரு. வேண்டுதல்னா அங்க மரத்துல மஞ்சத் துணி கட்டுவாங்க. எனக்குத்தான் மூளை கோணலாச்சே. அவ ஓடப் போற வழிக்கு எந்தப் பட்டோ அந்தப் பட்டையே கட்டுவோம், அவரு கூடவே ஓடி வருவாருன்னு நெனச்சேன். வூட்டுல மிச்சமிருந்த சிவப்பு இழைய ஒரு பிடி எடுத்துகினு போய், மரத்துக் கிளையில கட்டிட்டு, கண்ண மூடி வேண்டிக்கினேன். நான் போனது பின்பக்கத்துப் படிக்கட்டு வழியா. சார் மத்தியானமே வழியெல்லாம் கட்டி முடிச்சிட்டுப் போயிருந்தாரு, அது எனக்குத் தெரியாது, பொழுது சாஞ்ச இருட்டுல எங்கண்ணுலயும் படல. அந்த மரத்தாண்டதான் பாதை ரெண்டா பிரியுது, ஓட்டம் அங்க வலது பக்கம் போவுதுன்னும் தெரியாது. நான் கட்டின கிளை இடது பாதை மேல நீட்டிகினு இருந்துச்சி.

யார்கிட்டயும் சொல்லல. வேண்டுதல் நெறவேறுறதுக்கு முன்னாடி வாயத் தெறந்தா பலிக்காதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. வூட்டுக்காரருகிட்ட கூட மூச்சு வுடல. வாயாடின்னு பேரு வாங்கினவ, அன்னிக்கின்னு பாத்து வாய மூடிகினு இருந்தேன்.

காலையில நாங்க நாலஞ்சு பொம்பளைங்க ஓடற பொண்ணுங்களுக்குக் குடுக்க மோர்ப்பானையத் தூக்கிகினு மேல ஒரு பாறையில போய் உக்காந்தோம். அங்கேருந்து பாத்தா கீழ பாதை பிரியிற எடம் தெளிவாத் தெரியும். அப்பத்தான் பாத்தேன். வலது பக்கம் ஒரு செடியில சிவப்பு. இடது பக்கம் மரத்துல சிவப்பு. எறங்கிப் போய் அவுத்துடலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள கீழேருந்து மூச்சு வாங்குற சத்தம்.

எம்பொண்ணுதான். முதல்ல வரா, பின்னாடி கண்ணுக்கு எட்டின தூரம் யாருமே இல்ல. பிரியிற எடத்துல ஒரு நொடி நின்னா. வலது பக்கம் பாத்தா, இடது பக்கம் பாத்தா. இடது பக்கம் திரும்பிட்டா.

"குணா, அங்க போவாத"ன்னு கத்தினேன். காத்து எதிர்ல அடிக்குது. அவ பாறைக்கு அந்தாண்ட போயிட்டா. நான் எறங்க ஆரம்பிச்சேன். ஐம்பது வயசு பொம்பள, புடவை கட்டிகினு பாறையில எப்படி எறங்குறது. வழுக்கி விழுந்து முட்டி பேந்துச்சி. விழுந்த எடத்துலேருந்தே, அவளுக்குக் கேக்கட்டும்னு அடித் தொண்டையில, "சோத்தாங்கை பக்கம், சோத்தாங்கை பக்கம்"னு கத்திகினே இருந்தேன்.

கேட்டது அவளுக்கு இல்ல. ரெண்டாவதா வந்த செய்யாத்துப் பொண்ணு ஜெயம், பிரியிற எடத்துல ரெண்டு சிவப்பையும் பாத்துட்டுத் திகைச்சி நின்னுகினு இருந்தா. எங்கொரலு கேட்டு நிமிர்ந்து பாத்தா. தலைய ஆட்டிட்டு வலது பக்கமா ஓடினா. அவ பின்னாடி வந்த மூணு பொண்ணுங்களும் அவளப் பாத்து வலது பக்கமே போனாங்க. நான் வாயப் பொத்திகினேன். பொத்தி என்ன பிரயோஜனம்.

இடது பாதை முனீஸ்வரன் கல்லோட முடிஞ்சிடும், அந்தாண்ட சுவரு மாதிரி பாறை, நான் வந்த படிக்கட்டும் கீழதான் எறங்கும். குணா அது வரைக்கும் போய், மேல போக வழி இல்லன்னு தெரிஞ்சி, திரும்பி ஓடியாந்தா. அதுக்குள்ள நாலு பேரு அவளத் தாண்டிட்டாங்க. நான் நொண்டிகினு எறங்குறேன், எனக்குக் கீழே அவ பறக்குறா. மோர் கூட வாங்கல. ஒருத்தியத் தாண்டினா, இன்னொருத்தியத் தாண்டினா, மூணாவது பொண்ணையும் எறக்கத்துல தாண்டினாளாம். கேட்டுக்கு வரும்போது ஜெயம் இருபது அடி முன்னாடி. அவ்ளோதான். இருபது அடி.

நான் கீழ வந்து சேரும்போது ஜெயம் பேர எழுதி முடிச்சிட்டாங்க. தசரதன் சார் மொகமெல்லாம் செவந்து, "எந்தப் பேமானி அங்க கட்டினான்"னு சத்தம் போட்டுகினு இருந்தாரு. அவரத் தனியா இழுத்துகினு போய், நான்தான் சார்னு சொன்னேன்.

"சார், இதச் சொல்லி மறுபடி ஓட வைங்க சார். உங்க கால்ல விழறேன்."

"வெளிய சொல்லிடாதீங்கம்மா"ன்னாரு. கொரலு எறங்கிப் போச்சி. "ஓடற பொண்ணோட அம்மாவே வழியில கை வச்சிட்டாங்கன்னு ஆயிடும். ரெண்டாவதுன்னு எழுதியிருக்கிற பேரையும் அடிச்சிடுவாங்க. மறு ஓட்டம்லாம் கெடையாது, வேலூர்லேருந்து வந்த ஆபீசரு கையெழுத்துப் போட்டுட்டாரு."

தப்ப ஒத்துக்கினா கூட உபயோகம் இல்லாத தப்பு செஞ்சவ நான் ஒருத்திதான் இருப்பேன். அங்கியே நின்னுகினு இருந்தேன். அந்த நேரம் பாத்து ஜெயத்தோட அம்மா வந்து எங்கையப் பிடிச்சிக்கினாங்க. பாவம், கூலி வேலை செய்யற பொம்பள. "நீங்கதான் மேலேருந்து வழி சொன்னீங்களாமே. நீங்க நல்லா இருக்கணும்கா"ன்னு அழுதாங்க. பொண்ணு நல்லா படிக்கட்டும்மான்னு சொன்னேன். பொய்யி இல்ல, ஆனா நெஞ்சு எரிஞ்சிச்சி.

வூட்டுக்கு நடந்தே வந்தோம். குணா ஷூவக் கையில எடுத்துகினு முன்னாடி போறா, நான் நொண்டிகினு பின்னாடி. சுடுகாடு தாண்டினதும் எனக்குத் தாங்கல. "குணா, அந்த மரத்துல கட்டினது நாந்தான்டி. உனக்காக வேண்டிகினு கட்டினேன்"னேன். அடிச்சிட்டாக் கூட பரவால்ல, திட்டட்டும்னு நெனச்சேன்.

அவ திரும்பல. "தெரியும்மா"ன்னா.

"எப்படித் தெரியும்?"

"முடிச்சப் பாத்தேன். சார் கட்டினதெல்லாம் மாட்டக் கட்டுற முடிச்சி. அது ஒண்ணு மட்டும், தறியில இழை அறுந்தா நீ போடுவியே, அந்த முடிச்சி."

"தெரிஞ்சும் ஏன்டி அந்தப் பக்கம் போன?"

அவ அப்பத்தான் நின்னா. என்னைப் பாக்காம, கையில இருந்த ஷூவப் பாத்துகினு சொன்னா.

"ரெண்டு பக்கமும் இருந்துச்சி. எது சரின்னு எனக்குத் தெரியலம்மா. நீ கட்டினது தப்பா இருக்காதுன்னு போனேன்."